எரித்ததையெல்லாம் ருசிக்கக் கிளம்பியவள்

மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெட்டி தூக்குகிறவர்கள் கூடிப் பேசி வைத்த பட்டம். வெளிநாட்டு விமானம் இறங்கி, பெல்ட்டில் பெட்டிகள் ஊர்ந்து வரத் தொடங்கும்போதே, அவள் தன் இரும்பு மேசையில் சாய்ந்தபடி காற்றை ஒரு இழுப்பு இழுப்பாள்.

"அந்தப் பச்சைப் பெட்டி. உள்ள மீன் இருக்கு. வெயில்ல காயவெச்சது இல்ல, புகையில காயவெச்சது."

திறந்து பார்த்தால், மடித்து வைத்த பனியன்களுக்கு நடுவே புகைமீன் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

இறைச்சி, பழம், பால் பண்டம், விதை இவை எதுவும் வெளியிலிருந்து ஊருக்குள் நுழைந்துவிடாமல் மறிப்பதுதான் அவள் உத்தியோகம். ஒரு மாம்பழத்துக்குள் ஒளிந்து வரும் புழு ஊர்த் தோட்டம் முழுவதையும் காலி செய்துவிடும் என்பது அரசாங்கத்தின் கவலை. கவலை நியாயமானதுதான். அதற்காகத் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று "என்னிடம் இது இருக்கிறது" என்று உண்மையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் குற்றமில்லை. மறைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினால் குற்றம். எப்படிப் பிடிபட்டாலும் பண்டம் மட்டும் பின்கட்டில் இருந்த உலைக்குத்தான் போகும்.

அவளுக்குத் துணையாக ஒரு மோப்ப நாயும் இருந்தது. முறையாகப் பயிற்சி பெற்ற நாய். சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அதன் பாடம். அது என்ன செய்ததென்றால், முதலில் மூக்கம்மாவின் முகத்தைப் பார்க்கும், பிறகு போய் உட்காரும். "பக்கத்துப் பையனைப் பார்த்துப் பரீட்சை எழுதுது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். நாய் காதில் போட்டுக்கொள்ளாது.

என்னென்ன பார்க்கவில்லை அவள்! குழந்தையின் டயப்பருக்குள் சீஸ் வந்தது. குளிருக்குப் போடும் கோட்டின் உள்துணியைப் பிரித்து வரிசையாகக் கறி அடைத்த சாசேஜ்களை வைத்துத் தைத்து அணிந்து வந்தவர் ஒருவர். அவர் திரும்பினால் கோட்டு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். கிட்டார் பெட்டியில் டுரியன் பழம் வந்தது. தொப்பிப் பெட்டியில் உயிரோடு நத்தைகள் வந்தன. திறந்தபோது பாதி நத்தைகள் தப்பித்து, மேசைக் காலில் ஏறிக்கொண்டிருந்தன. அவை தப்பித்த வேகத்தைப் பார்த்து யாருக்கும் துரத்த மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு எடுத்தார்கள்.

பிடித்த பிறகு மூக்கம்மா ஒரு கேள்வி கேட்பாள். கடமைக்குத் தேவையே இல்லாத கேள்வி.

"இதை எப்படிச் சாப்பிடுவீங்க?"

பறிகொடுத்து நிற்கிறவரிடம் இப்படிக் கேட்டால் கோபம்தானே வர வேண்டும்? வராது. முகம் மலரும். நத்தைக்காரர் வெண்ணெய், பூண்டு என்று சொல்லத் தொடங்கும்போதே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். ஒரு பெண், புளித்த மாவில் பாய் போலப் பெரிய ரொட்டி சுட்டு, கறி, பருப்பு எல்லாவற்றையும் அதன் மேலேயே கொட்டி, கடைசியில் தட்டையும் தின்றுவிடுகிற தன் வீட்டுப் பழக்கத்தைக் கையால் வரைந்து காட்டினாள். நூல் நூலாக இழுபடும் சோயாக் கொட்டையை எத்தனை முறை கிளற வேண்டும், உப்பில் ஊறிய எலுமிச்சையின் எந்தப் பகுதியைத் தூக்கி எறிய வேண்டும் என்பதெல்லாம் மூக்கம்மாவுக்கு அத்துப்படி. எல்லாரும் கடைசியில் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "ஒரே ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கம்மா. அப்புறம் எரிங்க."

அவள் சாப்பிட்டதில்லை. நேர்மை என்று நினைத்துப் பாராட்ட வேண்டாம். பக்கத்து மேசையில் சட்டம் உட்கார்ந்திருந்தார்.

சட்டம் என்பதும் பட்டப்பெயர்தான். அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர், வயதில் கொஞ்சம் சின்னவர், தனிக்கட்டை. விதிப்படி தொப்பி, விதிப்படி மீசை. அவர் தும்மினால்கூட அனுமதி வாங்கித் தும்முவது போல இருக்கும். மூக்கம்மாவின் கேள்வி நீளும்போதெல்லாம் பக்கத்து மேசையிலிருந்து ஒரு இருமல் வரும்.

"மேடம், வரிசை நிக்குது."

"விசாரணை நடக்குது சார்."

"வெண்ணெய் எவ்வளவு போடணும்கறது விசாரணையில வராது மேடம்."

மதியத்தில் உலையைப் பற்றவைப்பார்கள். புகைபோக்கி எந்தப் புத்திசாலியின் யோசனையோ, ஊழியர்கள் சாப்பிடும் அறையின் ஜன்னலுக்கு நேராக இருந்தது. சாசேஜ் எரிகிற நாட்களில் எல்லாரும் அவரவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வெறும் சோற்றையே இரண்டு மடங்கு சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். மூக்கம்மா மட்டும் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அன்று காலை அதைப் பறித்தது அவள் கைதான். அந்தக் கோட்டுக்காரரின் முகமும் சாசேஜ் வாசனையும் சேர்ந்து ஜன்னல் வழியாக வருவது போல இருக்கும்.

ஓய்வு பெறும் நாளும் வந்தது. தேநீர், பிஸ்கட், மேலதிகாரியின் உரை. ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், இனிமேல் நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவளுக்கு. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"இத்தனை வருஷம் எரிச்சதையெல்லாம் இனிமே ஒண்ணொண்ணா சாப்பிடப்போறேன்" என்றாள்.

கைதட்டலும் சிரிப்பும் அடங்க நேரமானது. சட்டம் மட்டும் சிரிக்கவில்லை. அவளை நன்றாகத் தெரிந்தவர் அவர்.

வீட்டில் அவளைத் தவிர இரண்டு பேர். கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவர், சாப்பாட்டு மேசையில் தன் தட்டைச் சோதிப்பார். காலையில் ரொட்டி, மதியம் சோறு, இரவில் மதியச் சோறு. அதில் ஒரு கடுகு கூடுதலாக இருந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது என்ன புதுசா?" என்பார். இன்னொருத்தி அவருடைய தங்கை. தையல்காரி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னறையில் இயந்திரம் போட்டு உட்கார்ந்தவள். அவள் நாக்குக்குப் பயம் என்பதே கிடையாது. குண்டூசியைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை பார்த்த வாய், அதற்கு மேல் எது போனால் என்ன?

நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்துகொண்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இங்கே வீட்டுக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கே ஆகவில்லை.

ஆரம்பம் டுரியன் பழம். சந்தையின் கோடியில் ஒரு பழக்கடைக்காரன் முறையாக அனுமதி வாங்கி இறக்குமதி செய்திருந்தான். மூக்கம்மா அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பழத்தைத் தொட்டாள். பழக்கதோஷம். முள்ளுத்தோலோடு சாக்குப்பையில் தூக்கி வந்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் வெட்டினார்கள், வாசனை வெளியே போய் வீணாகிவிடக் கூடாதே என்று. நாத்தனார் தன் பெரிய கத்தரிக்கோலால் தோலை நெம்பினாள். உள்ளே மஞ்சளாகச் சுளைகள் தலையணை போல உப்பிக் கிடந்தன.

மூக்கம்மா ஒரு சுளையை வாயில் வைத்தாள். பழம் பறிபோனபோது கிட்டார் பெட்டிக்காரன் அழுத அழுகையை அவள் அன்று நடிப்பு என்று நினைத்திருந்தாள்.

"அண்ணி, எப்படி இருக்கு?"

"பேசாத."

"நல்லா இருக்கா, இல்லையா?"

"பேசாம சாப்பிடு. சாக்கடைக்குள்ள விழுந்த பாயசம் மாதிரி இருக்கு. ஆனா பாயசம்தான் ஜெயிக்குது."

அதற்குள் கீழ்வீட்டுக்காரர் கேஸ் கசிகிறது என்று புகார் செய்துவிட்டார். கட்டடத்து ஜனங்களெல்லாம் தெருவில் இறங்கி நின்றார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கடையிலிருந்து ஓடி வந்து, தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "யாராவது போய்ட்டாங்களா?" என்று பதறினார். கேஸ் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் கையில் மீட்டரோடு ஒவ்வொரு கதவாக மோந்து மேலே வந்தார்கள். மூக்கம்மாவின் கதவு திறந்ததும் முன்னால் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, எதையும் பத்தவைக்காதீங்க! எங்க கசியுது?"

"இதோ, இங்கதான்" என்று தட்டை நீட்டினாள் நாத்தனார்.

மீட்டரைத் தட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார் அவர். முள் அசையவில்லை. மறுபடி பிடித்தார். பிறகு மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "இதுல ஒரு துண்டு..." என்று இழுத்தார். அவர் இரண்டு சுளை தின்றார். பின்னால் வந்தவர் கொட்டையைக்கூட விடாமல் சப்பினார். கீழே போய், "கசிவை அடைச்சாச்சு, பயப்படாதீங்க" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டது அவர்களுடைய பெருந்தன்மை. உண்மையில் அடைத்தும்தான் இருந்தார்கள்.

கணவர் மட்டும் கிட்டே வரவில்லை. "நான் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன். தின்னுதான் தெரிஞ்சுக்கணுமா?" என்பது அவர் கட்சி. மூக்கம்மா எதெதையோ அவர்முன் வைத்துப் பார்த்தாள். சாம்பலில் மாசக்கணக்கில் ஊறிய கரிய முட்டையைப் பார்த்து, "இதுக்குக் கண்புரை வந்திருக்கு" என்றார். நூல் இழுக்கும் சோயாவைப் பார்த்து எழுந்தே போய்விட்டார்.

அப்படிப்பட்டவரை வீழ்த்தியது ஒரு மிட்டாய். வடக்கே குளிர் தேசங்களில் அதிமதுரத்தில் உப்பைச் சேர்த்துச் செய்கிற கரி நிற மிட்டாய். அதை வாயில் போட்ட மூக்கம்மா உடனே துப்பினாள். எதற்கும் அஞ்சாத நாத்தனார், வாயில் போட்டதை அப்படியே எடுத்து, தையல் இயந்திரத்தின் டிராயரில் ஒளித்து வைத்தாள். டப்பா மேசையில் அநாதையாகக் கிடந்தது. இருமல் மாத்திரை என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார் கண்ணாடிக் கடைக்காரர். மாலைக்குள் டப்பா காலி.

"இருமல் நின்னுடுச்சா?" என்று கேட்டாள் மூக்கம்மா.

"எனக்கு எங்க இருமல்?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "இன்னொரு டப்பா எங்க கிடைக்கும்?" என்றார்.

உலகமே வாய் வைத்துவிட்டு முகம் சுளிக்கும் பண்டம் ஒன்றுக்காகவே அவர் இத்தனை காலம் நாக்கைப் பத்திரமாக வைத்திருந்தார் போல. அதற்கு மேல் ஒரு படி அவர் ஏறவில்லை. மிட்டாய் போதும் என்று நின்றுவிட்டார்.

மகள் வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். "மூணு பேரும் வந்துட்டுப் போங்கம்மா" என்று பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் போகாத மூக்கம்மா இப்போது, மகள் வாயை மூடுவதற்குள் சரி என்றாள். மகளுக்கு ஆனந்தக் கண்ணீர். பாசம் என்று நினைத்துக்கொண்டாள் பாவம். பாசமும் இருந்தது. ஆனால் அந்த ஊரில் சீஸும் நத்தையும் பேர்போனவை.

போய் இறங்கிய வாரத்திலேயே நாத்தனார் நத்தைகளை ஒரு கை பார்த்துவிட்டாள். கடையில் கொடுத்த குட்டி முள்கரண்டி அவளுக்குச் சரிப்படவில்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஓட்டுக்குள் விட்டு ஒரு சுழற்று. பொத்தான் துளையில் நூல் கோக்கிற அதே லாவகம். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மறுநாள் அந்தக் கடைக்குப் போனபோது பரிமாறுகிறவர், நத்தையோடு புது ஹேர்பின் ஒன்றையும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

மூக்கம்மா தேடியது வேறு. அவள் மேசைக்கு அதிகமாக வந்த பண்டம், அவள் கையால் அதிகமாக எரிந்த பண்டம், உருண்டையாக, ஆரஞ்சுத் தோலோடு, தொட்டால் குழையும் ஒரு சீஸ். காய்ச்சாத பாலில் செய்வதால் ஊருக்குள் விடக் கூடாது. மரப்பெட்டியில் வரும். திறக்காமலே தெரியும்; ஈரக் காலுறையோடு ஒரு படை அணிவகுத்துப் போனது போல இருக்கும். சந்தையில் ஒரு சீஸ்காரி அதை ரொட்டித் துண்டில் தடவி நீட்டினாள். மூக்கம்மா தின்றாள். காலுறை நாற்றமெல்லாம் வாசல்வரைக்கும்தான். உள்ளே போனால் வெண்ணெய், வைக்கோல், மழைக்காலக் காளான் என்று ஒவ்வொரு அறையாகத் திறந்துகொண்டே போனது. எத்தனை உருண்டைகள்! எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள்!

இரண்டு உருண்டை வாங்கினாள். ஒன்று மகள் வீட்டிலேயே தீர்ந்தது. இன்னொன்றை ஊருக்குக் கொண்டுபோகத் துணிகளுக்கு நடுவே வைத்தபோது நாத்தனார் வாயிலிருந்த ஊசியே கீழே விழுந்தது.

"அண்ணி! நீங்களே இதைப் பண்ணலாமா?"

"பண்ணித்தான் பார்ப்போமே. நான் இல்லாம அந்தக் கவுண்ட்டர் எப்படி நடக்குதுன்னு எனக்கும் தெரியணுமில்ல?"

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா ஆபீஸ் நல்லா நடக்குதுன்னு அர்த்தம். மாட்டலைன்னா நான் இல்லாம நடக்கலைன்னு அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம்தானே?"

நாத்தனார் குனிந்து ஊசியைப் பொறுக்கினாள். அவளுக்கும் அந்தச் சீஸ்மேல் ஆசை.

ஒளிப்பது என்று வந்துவிட்டால் மூக்கம்மாவுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? காப்பித்தூளுக்குள் புதைப்பவன் மடையன். நாய்க்குக் காப்பியும் தெரியும், சீஸும் தெரியும். வாசனைத் திரவியம் தெளிப்பவன் அதைவிட மடையன். அவள் நெகிழித் தாளில் சுற்றினாள், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாள், டப்பாவைக் கம்பளித் துணியில் சுற்றினாள். இத்தனையும் செய்த பிறகும் மிச்சமிருப்பது ஒன்று: முகம். நாயைவிட முகம்தான் காட்டிக்கொடுக்கும் என்பது அவளுடைய நீண்ட அனுபவம். எனவே உலகத்திலேயே களங்கமற்ற முகம் யாரிடம் இருக்கிறது என்று யோசித்து, கணவரின் கைப்பையில் வைத்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முகம் கெட்டுவிடும்.

விமானத்தில் பாதி வழியில் டப்பா வாசனையிடம் தோற்றுப்போனது. முன்சீட்டுப் பெண்மணி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். விமானப் பணிப்பெண் வந்து, கண்ணாடிக் கடைக்காரரின் காதருகே குனிந்து, "சார், ஷூவை மட்டும் போட்டுக்க முடியுமா?" என்றாள் பணிவாக.

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன்!" என்றார் அவர். கால்களைத் தூக்கிக் காட்டினார். அப்போதும் அவள் நம்பவில்லை. மூக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மேகங்களை ஆர்வமாகக் கவனித்தாள்.

வந்து இறங்கினார்கள். அதே நீண்ட கூடம், அதே பெல்ட், அதே இரும்பு மேசைகள். ஒரு வித்தியாசம், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது கூடம் இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. இத்தனை வருஷம் எதிரே வந்து நின்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மூக்கம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. கணவரை முன்னால் விட்டு, நாத்தனாரை நடுவில் விட்டு, தான் கடைசியாக நின்றாள்.

புது நாய் ஒன்று வந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கண்ணாடிக் கடைக்காரரின் காலடியில் உட்கார்ந்தது. சுயமாகப் படித்த நாய்.

மேசைக்குப் பின்னாலிருந்து சட்டம் எழுந்தார். தொப்பி அதே கோணம், மீசை அதே அளவு. கோட்டின் ஓரம்வரை வந்து நின்றார். மூக்கம்மாவைப் பார்த்ததும் புருவம் மட்டும் ஒரு நூல் உயர்ந்தது.

"சார், ஏதாவது சொல்லணுமா? இறைச்சி, பழம், பால் பொருள்?"

"ஒண்ணுமே இல்ல சார். நான் மிட்டாய் மட்டும்தான் சாப்பிடுவேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று அந்த மனிதர் வெள்ளை மனதோடு ஒரு காலைத் தூக்கினார். சிவப்புக் கோட்டின் மேல் கால் அந்தரத்தில் நின்றது.

"ஏங்க! காலை எடுங்க!" என்று கூடமே அதிரக் கத்தினாள் மூக்கம்மா. "எடுத்துப் பின்னாடி வைங்க! சார், சீஸ் இருக்கு. உருண்டை சீஸ். காய்ச்சாத பால். என்னோடது. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

கண்ணாடிக் கடைக்காரர் ஒற்றைக் காலிலேயே திரும்பி மனைவியைப் பார்த்தார். "அப்போ என் கால் இல்லையா?" என்றார். அவமானம் துடைக்கப்பட்ட நிம்மதியில் அவருக்குக் கோபப்படவே தோன்றவில்லை. அந்தக் கோபம் வீட்டுக்குப் போய்த்தான் வந்தது. வந்து, ஒரு வாரம் தங்கியது.

சட்டம் கையை நீட்டினார். "கோட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க. குற்றமில்ல. பண்டத்தைக் கொடுங்க மேடம்."

"மேடம்" என்று அவர் சொன்ன விதத்தில் ஏளனம் இல்லை; அதுதான் வலித்தது. மூக்கம்மா டப்பாவை எடுத்தாள். கொடுப்பதற்காகத்தான் எடுத்தாள். கை நீளவில்லை.

அப்போது நாத்தனார் வாயைத் திறந்தாள். "சார், ஒரு சந்தேகம். இது கோட்டைத் தாண்டக் கூடாது, சரி. வயித்துக்குள்ள இருந்தா தாண்டலாமா?"

சட்டம் யோசித்தார். விதிப்புத்தகம் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டுவது வெளியே தெரிந்தது. "வயிறு பற்றி விதி இல்ல" என்றார் கடைசியில், மிகுந்த வருத்தத்தோடு.

அவ்வளவுதான். நாத்தனார் தன் சால்வையை உதறிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தரையில் விரித்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். டப்பா திறந்தது. அந்த வாசனை கூடத்தைச் சுற்றி வந்ததும், வரிசையில் நின்றவர்களிடம் ஒரு சலசலப்பு. இவர்களால் முடியுமென்றால் நம்மால் முடியாதா?

முதலில் வந்தவர் சாசேஜ் வைத்திருந்த ஒரு பருத்த மனிதர். அடுத்து, மூடி கழன்று பைக்குள் கசிந்துகொண்டிருந்த காரமான புளித்த முட்டைக்கோஸ் ஜாடியோடு ஒரு கல்லூரிப் பெண். அத்திப்பழக் கூடையோடு புதுமணத் தம்பதி. கரிய முட்டை, மீன் முட்டை, உப்பு எலுமிச்சை என்று சால்வை நிறைந்தது. ஒருவர் பெரிய ரொட்டி கொண்டுவந்திருந்தார். ரொட்டிக்குத் தடை இல்லை என்பதால் அவர் முன்பே கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தார். பாவம், அவர் அங்கிருந்து ஏக்கத்தோடு எட்டிப் பார்த்த பார்வை! "ரொட்டி இல்லாம சீஸ் எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டே சூட்கேஸை உருட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். வெளியே போன பயணி திரும்ப உள்ளே வரலாமா என்று சட்டம் மறுபடி தலைக்குள் புத்தகத்தைப் புரட்டுவதற்குள், ரொட்டி எட்டுத் துண்டாகியிருந்தது.

ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. சாசேஜ்காரர் எப்படி வெட்டுவது என்று கையால் காட்டினார். நாத்தனார் ஹேர்பின்னால் மீன் முட்டையை எடுத்தாள். புதுமாப்பிள்ளை முட்டைக்கோஸைத் தின்றுவிட்டுக் கண்ணீரோடு சீஸைத் தேட, மணப்பெண் அவன் பங்கையும் முடித்திருந்தாள். மூக்கம்மா யாரையும் "எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேட்கவில்லை. வாய் காலியாக இருந்தால்தானே கேட்பதற்கு?

கண்ணாடிக் கடைக்காரர் தன் மிட்டாய் டப்பாவை எல்லாருக்கும் நீட்டினார். எல்லாரும் ஒன்று எடுத்தார்கள், எல்லாரும் துப்பினார்கள். சர்வதேச ஒற்றுமை என்று அங்கே முழுமையாக ஏற்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சட்டம் மேசைக்குப் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தேநீர் இடைவேளைக்கு மணி அடித்தது. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடையாள அட்டையைக் கழற்றித் தொப்பிக்குள் வைத்தார். கோட்டைத் தாண்டி வந்து, சால்வையின் ஓரத்தில், கால்சட்டை மடிப்புக் கலையாமல் குந்தினார்.

"வாங்க சார்" என்று ரொட்டியில் சீஸைத் தடவிக் கொடுத்தாள் மூக்கம்மா. கூடமே அவர் வாயைப் பார்த்தது. நாயும் பார்த்தது.

அவர் மென்றார். இடப்பக்கம் மென்றதை வலப்பக்கத்துக்கும் அனுப்பி மென்றார். விழுங்கினார். கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார்.

"எரிச்சது சரிதான்" என்றார்.

மூக்கம்மாவுக்கு வந்த கோபத்தில் மீதிச் சீஸை அவர் கையிலேயே திணித்தாள். "இன்னொரு தடவை தின்னுட்டுச் சொல்லுங்க! நாக்கா இது, தோலா?" அவர் இன்னொரு தடவையும் தின்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். டப்பாவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றுவிட்டும் அதையே சொன்னார். இடைவேளை முடிந்ததும் எழுந்து போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு, வெறும் பெட்டிகளையும் ஜாடிகளையும் ஒவ்வொன்றாக வாங்கி உலைக்கு அனுப்பிவைத்தார்.

விவகாரம் அத்தோடு முடியவில்லை. அவர் தீர்ப்பை மாற்றாமல் விடுவதில்லை என்று மூக்கம்மா பிடிவாதமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கு அழைப்பு. பழக்கடைக்காரனிடமும் இறக்குமதிக் கடையிலும் முறைப்படி வாங்கிய ஏதாவது ஒன்றை அவர்முன் வைப்பாள். ஆலிவ் காயைத் தின்றுவிட்டு, "எரிச்சது சரிதான்." டுரியனைத் தின்றுவிட்டு, "எரிச்சது சரிதான்." ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், மீசையைச் சீவிக்கொண்டு, மதியத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறார். வந்ததும் முன்னறையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறார். அந்த நாற்காலியின்மேல் எப்போதும் குவிந்து கிடக்கும் துணிகளை, சனிக்கிழமை மாலையே நாத்தனார் எடுத்து வைத்துவிடுகிறாள்.

"அவர் நாக்கு பொய் சொல்லுதுங்க" என்கிறாள் மூக்கம்மா கணவரிடம்.

"நாக்கு மட்டுமா?" என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முன்னறையைப் பார்க்கிறார் கண்ணாடிக் கடைக்காரர், மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றியபடி.